சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு ஏன் பத்துவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை ரைடு முடிந்து, சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் உணவியல் படித்தவன் இல்லை. பல வருடங்களாக நீண்ட தூரம் ஓட்டுகிறேன், அதில் முதல் சில வருடங்களைப் பாதி வயிற்றோடு ஓட்டிக் கெடுத்துக்கொண்டேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

எல்லாரும் இளைக்கத்தானே சைக்கிள் ஓட்டுகிறார்கள்? அதிகம் சாப்பிடச் சொல்கிறீர்களே?

தினமும் அரை மணி நேரம் தெருவைச் சுற்றி வருகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. வீட்டுச் சாப்பாடே போதும். வாரத்தில் நான்கைந்து நாள் ஓட்டி, அதில் ஒரு நாளாவது மூன்று நான்கு மணி நேரம் சீட்டில் உட்காருகிறவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. இந்த இரண்டு வகை ஆட்களும் ஒரே வாட்ஸ்அப் டயட் பட்டியலை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுதான் நம் ஊர்ச் சிக்கல். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. அப்புறம் சனிக்கிழமை மாமல்லபுரம் போய்த் திரும்ப நூறு கிலோமீட்டர்! கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிய டாக்டர் தேவையில்லை.

அப்படி எவ்வளவுதான் செலவாகிறது?

65 கிலோ எடையுள்ள ஒருவர் சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஏறக்குறைய 450 முதல் 520 கலோரி. (பேச்சில் கலோரி என்று நாம் சொல்வதெல்லாம் கிலோகலோரிதான்.) மூன்று மணி நேரத்துக்கு 1,400, 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்காற்றும் மேடும் இருந்தால் இன்னும் கூடும்.

இதை எதோடு ஒப்பிடுவது? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரி வேண்டும். கடும் உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு அதே பட்டியல் 3,470 என்கிறது. அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆள், சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் மூட்டை தூக்கும் தொழிலாளியாகிறார். தட்டு மட்டும் ஆபீஸ் தட்டாகவே இருக்கிறது.

பவர் மீட்டர் (பெடலை மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருந்தால் கணக்கு இன்னும் சுலபம். திரையில் காட்டும் கிலோஜூலை அப்படியே கலோரியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு எரிப்பதில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு, பெடலுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு கலோரி என்பது 4.18 கிலோஜூல். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். சராசரி 120 வாட்டில் மூன்று மணி நேரம் ஓட்டினால் 1,296 கிலோஜூல், அதாவது சுமார் 1,300 கலோரி. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

நான் குறைவாகச் சாப்பிடுகிறேன் என்று எப்படித் தெரியும்?

எடை சரிந்துகொண்டே போவது ஒரு அடையாளம். ஆனால் எடை அப்படியே நின்றாலும் உள்ளே பற்றாக்குறை இருக்கலாம். உடம்பு மற்ற செலவுகளைச் சுருக்கிக்கொள்ளும். சளி பிடித்தால் போகவே போகாது. தூக்கம் மூன்று மணிக்குக் கலையும், வயிறு காந்தும். போன மாதம் சாதாரணமாக ஏறிய மேம்பாலம் இந்த மாதம் மலையாகத் தெரியும். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுவோம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ நடந்தால், ‘நிறைய ஓட்டுகிறேன், அதனால்தான்’ என்று விட்டுவிடக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் இதே பற்றாக்குறையில் டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆனால் அது வெளியே தெரியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்குத் தனியாக ஒரு பெயரே வைத்து, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான பிரச்சினை என்று அறிவித்தது.

சைக்கிள்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லையும் உண்டு. ஓடும்போது எலும்பின் மேல் விழும் அதிர்ச்சி சைக்கிளில் இல்லை. அதனால் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. சாப்பாடும் குறைந்தால் எலும்புக்கு இரண்டு பக்கமும் அடி.

சரி, தினசரிச் சாப்பாட்டில் எப்படிக் கலோரியை ஏற்றுவது? ஏற்கெனவே வயிறு முட்டத்தான் சாப்பிடுகிறேன்.

அளவைக் கூட்டாதீர்கள், அடர்த்தியைக் கூட்டுங்கள். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. அதே தட்டு, அதே கவளம், மேலே இரண்டு டீஸ்பூன் நெய் விட்டால் 90 கலோரி ஏறிவிடும், வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. இட்லிப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் குழைத்தால் 120. நம் பாட்டிகள் வயலிலிருந்து வருகிறவருக்கு இதைத்தான் செய்தார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பருப்புச் சாதத்துக்கு இரண்டு டீஸ்பூன் நெய், சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராமுக்கு 170 கலோரி), கூடவே ஒரு பெரிய வாழைப்பழம், படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் கெட்டிப் பால். மொத்தம் 500-க்கு மேல் வந்துவிடும். எந்த வேளையும் மாறவில்லை, சமையலறையில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. பால் பாக்கெட்டை மாற்றுவதுகூட ஒரு வழி. ஆவின் நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6. கொலஸ்ட்ரால் தொந்தரவு இருக்கிறவர்கள் நெய்க்கும் ஆரஞ்சுப் பாலுக்கும் பதில் கடலையையும் எள்ளையும் நம்பலாம்.

எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொட்டுக்கடலை மாவு உருண்டை, சத்துமாவுக் கஞ்சி, தேங்காய்ப் பால் சேர்த்த ஆப்பம் எல்லாமே சின்ன இடத்தில் நிறைய கலோரி அடங்கியவை. ஆபீஸ் மேஜை இழுப்பறையில் ஒரு டப்பா வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் போட்டு வையுங்கள். பதினோரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை கை போகட்டும். மூன்று வேளையில் அடங்காததை ஐந்து வேளையாகப் பிரித்தால் அடங்கும்.

கலோரி வேண்டும் என்பதற்காக பேக்கரி பப்ஸும் பாட்டில் குளிர்பானமும் சாப்பிடலாமா என்று கேட்டால், ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் ஏறும் 500 கலோரி அதிலிருந்து வந்தால் புரதமும் இல்லை, இரும்பும் இல்லை, வெறும் எண்தான்.

சிறுதானியம், சாலட் எல்லாம் நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் நார்ச்சத்து சீக்கிரம் வயிற்றை அடைத்துவிடும். ஒரு பெரிய கிண்ணம் வெள்ளரி-கேரட் சாலட்டை முதலில் சாப்பிட்டால், அப்புறம் சோற்றுக்கு இடம் இருக்காது. இளைக்க நினைக்கிறவருக்கு அதுதான் வேண்டும், உங்களுக்கு வேண்டாம். காய்கறியை விடச் சொல்லவில்லை. பொரியலாகத் தேங்காய் போட்டுச் சாப்பிடுங்கள். நீண்ட ரைடுக்கு முந்தின நாள் ராத்திரி கம்பு, கேழ்வரகு, கீரை வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சோறும் ரசமும் தயிரும்தான் பாதுகாப்பு. காரணத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு, கழிப்பறை இல்லாத நெடுஞ்சாலையில் தெரிந்துகொள்வீர்கள்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறேன். அந்நேரம் என்ன சாப்பிட முடியும்?

ஒரு மணி நேர ரைடு என்றால் காபியோடு போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஏதாவது உள்ளே போக வேண்டும். இரவுத் தூக்கத்தில் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு பெருமளவு கரைந்திருக்கும். இரண்டு வாழைப்பழம், அல்லது ஜாம் தடவிய இரண்டு பிரெட், அல்லது சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. எண்ணெயும் பருப்பும் வேண்டாம், இறங்க நேரமாகும். அதுவும் இறங்காதவர்கள் முந்தின இரவு ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பிய அரை மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டே சாப்பிட ஆரம்பிக்கலாம்.

ஓட்டும்போது சாப்பிட்டே ஆக வேண்டுமா? நான் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவேன்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மே மாதம், பாண்டிச்சேரி வரை போவதாகத் திட்டம். இரண்டு டம்ளர் காபியும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கிளம்பினேன். கடப்பாக்கம் தாண்டியதும் கால் சொன்னபடி கேட்கவில்லை. வேர்வை சில்லிட்டது, கை நடுங்கியது, மைல்கல்லில் இருக்கும் எண்ணைப் படித்தால் மண்டையில் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா, “என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்கு?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, சர்க்கரை அள்ளிப் போட்ட எலுமிச்சை சோடாவும் இரண்டு பழமும் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் உலகம் திரும்பி வந்தது. மரக்காணம் உப்பளத்தை அன்றைக்குப் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். சைக்கிள்காரர்கள் ‘பாங்க்’ ஆகிவிட்டது என்பது இதைத்தான்.

நடந்தது எளிமையான விஷயம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து நம்மிடம் 400 முதல் 500 கிராம் கிளைகோஜன்தான் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இருக்கிறது. கலோரியில் 2,000-க்குள் அடங்கிவிடும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும், வேகமாக ஓட்டினால் ஈடுகொடுக்காது. அதனால் வெளியிலிருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல், இரண்டரை மணி நேரம் வரை என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதற்கும் மேலே போனால் 90 கிராம் வரை போகலாம். ஆனால் குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமோடு நிறுத்திக்கொள்ளும். பிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்தால்தான் 90 தாங்கும். இதற்கு விசேஷப் பொடி தேவையில்லை, நம் வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ்.

30 கிராம் என்றால் எவ்வளவு? ஒரு பெரிய வாழைப்பழமும் ஒரு கடி வெல்லமும். அல்லது விதை எடுத்த பேரீச்சம்பழம் ஐந்து. அல்லது இட்லி மூன்று, பொடியை லேசாகத் தடவி, ஜிப் கவரில் போட்டு ஜெர்சிப் பாக்கெட்டில். மினி இட்லி என்றால் ஒரு கையால் எடுத்து வாயில் போட வசதி, ஆனால் வெயில் காலத்தில் பத்து மணிக்குள் தீர்த்துவிட வேண்டும், புளித்துப்போகும். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கும் அருமை. இனிப்பு தின்று தின்று வாய் சலித்த மூன்றாவது மணி நேரத்தில் அதன் அருமை தெரியும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும். நிதானமாக ஓட்டும் நாளில் சாப்பிடுங்கள், வேகமான குழுவோடு போகும்போது வேண்டாம்.

பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் தாமதம். போனில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்க வையுங்கள், அடித்தால் ஒரு வாய். முதல் தடவையே மணிக்கு 90 கிராம் போட்டால் வயிறு உப்பும், வாந்தி வரும். 30-இல் ஆரம்பித்து சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள், கால்களைப் போலக் குடலும் பழகும்.

இளநீரும் ஓஆர்எஸ்ஸும் குடிக்கிறேனே, போதாதா?

இரண்டும் தண்ணீருக்கும் உப்புக்கும்தான், சாப்பாட்டுக்கு ஈடு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. 54 கலோரி. ஒரு சின்ன வாழைப்பழம்கூட அதைவிட அதிகம். இளநீரில் 100 மில்லிக்கு இருபது கலோரி அளவுதான், பொட்டாசியம் நிறைய இருக்கிறது, ஆனால் வேர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியத்தை.

வீட்டில் கலப்பதற்கு என் அளவு: 750 மில்லி பாட்டிலுக்கு 50, 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. நாட்டுச்சர்க்கரையும் சுக்கும் ஏலக்காயும் போட்டால் அதுவே பானகம், ராமநவமிக்கு மட்டும்தான் குடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். இனிப்புத் தண்ணீர் குடித்ததும் ஒரு வாய் வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் பல்லுக்கும் நல்லது.

எனர்ஜி ஜெல், புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?

ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் 20, 25 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு வாழைப்பழம். ரேஸில், கையை எடுக்க முடியாத வேகத்தில், அது வசதி. மற்ற நாளில் பழ வண்டிக்காரரிடம் கொடுங்கள் அந்தக் காசை. புரோட்டீன் பவுடர் தவறில்லை, ஆனால் முதலில் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள்.

நான் சைவம். புரதம் எப்படி வரும்?

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், 2 கிராம் வரை போகலாம். 65 கிலோவுக்குக் குறைந்தது 78 கிராம். சாம்பாரில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதில் பெரும்பாகம் தண்ணீர். கெட்டிப் பருப்பு, சுண்டல், அடை, பொட்டுக்கடலை (100 கிராமில் 20 கிராமுக்கு மேல்), பனீர், தயிர், சோயா உருண்டை என்று ஒவ்வொரு வேளையும் ஒன்று இருந்தால் எட்டிவிடலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம், ஒன்றில் 6 கிராம். இரும்புச்சத்து குறைவாக இருக்கிறவர்கள் சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

ரைடு முடிந்தால் பசியே எடுப்பதில்லை. சாயங்காலம்தான் கொலைப்பசி.

கடுமையாக ஓட்டியபின் கொஞ்ச நேரம் பசி மங்குவது இயல்பு, நம் ஊர் வெயிலில் இன்னும் அதிகம். பசிக்காகக் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். பாலும் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் மிக்ஸியில் ஒரு சுற்று, சுமார் 400 கலோரி, மெல்ல வேண்டிய வேலையே இல்லை. இனிப்பு லஸ்ஸியும் சரி. குளித்துவிட்டு வந்தால் பசி தானாக வரும். மறுநாளும் ஓட்ட வேண்டும் என்றால் இந்த முதல் சில மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஓய்வு நாள் என்றால் அவசரமில்லை, நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் தசை நிரம்பிவிடும்.

பொங்கல்-வடை சாப்பிடலாமா? பரோட்டா?

ரைடுக்குப் பிறகு பொங்கலைப் போல ஒன்று உண்டா! அரிசி, பாசிப்பருப்பு, நெய், மிளகு, எல்லாம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலோ இரண்டு முட்டையோ சேர்த்தால் குறையே இல்லை. ரைடுக்கு முன் சாப்பிட்டால் பாதி வழியில் தூங்கிவிடுவீர்கள். பரோட்டா மாதத்துக்கு ஒரு தடவை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த அன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள்.

முதல் 200 கிலோமீட்டர் ப்ரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு) போகிறேன். சாப்பாட்டுக்கு நேரம் இருக்குமா?

பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், நேரம் இருக்கிறது. ஆனால் மதியம் ஓட்டலில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு முடித்தால் அடுத்த ஒரு மணி நேரம் வயிறுதான் ஓட்டும், நீங்கள் இல்லை. தயிர் சாதம் பாதி, ஊறுகாய் கொஞ்சம், பத்து நிமிஷத்தில் கிளம்புங்கள். செலவு 4,000 கலோரியைத் தாண்டலாம், அதை அன்றைக்கே ஈடுகட்ட முடியாது. முந்தின இரண்டு நாளும் பிந்தின இரண்டு நாளும் சேர்த்துச் சமன் செய்யுங்கள். அன்றைக்கென்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. இதெல்லாம் பொருந்துமா?

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு நீண்ட ரைடில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன அளவுகளை உங்கள் டாக்டரிடம் காட்டி, மருந்தின் அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பேசிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

இப்படிச் சாப்பிட்டுத் தொப்பை போட்டுவிட்டால்?

தினமும் எடை பார்த்துக் கலங்க வேண்டாம். ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ கூடுவது பெரும்பாலும் தண்ணீர்தான், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து ஏறினால் சாயங்காலக் கடலையைக் குறையுங்கள், ரைடில் சாப்பிடுவதை மட்டும் குறைக்காதீர்கள். மழைக்காலத்தில் சைக்கிள் மூன்று வாரம் மூலையில் நின்றால், ஆரஞ்சுப் பாக்கெட் மறுபடி நீலமாக வேண்டும். இதைத்தான் நான் ஒவ்வொரு நவம்பரிலும் மறக்கிறேன்.

வீட்டில் “என்ன இப்படித் தின்கிறாய், அரிசி மூட்டை வாரத்தில் காலி” என்கிறார்களே?

அம்மாவோ மனைவியோ, சமைக்கிறவர்மேல் இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி குக்கரில் ஒரு ஆழாக்கு கூடுதலாக நீங்களே வையுங்கள், உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து வையுங்கள், கடலையை வறுத்து டப்பாவில் போடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் யாரும் மூட்டைக் கணக்குக் கேட்கவில்லை. மூட்டையைக் கடையிலிருந்து தூக்கி வருவது மட்டும் என் வேலையாகிவிட்டது.